நெல்லும் சோறும்: நம் இதழ் இனி ஒலியாக மட்டும் வந்தால் போதுமா?

சென்ற மாதம் நடந்த ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருந்த அன்பர்களுக்கு நினைவிருக்கும். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு, வழக்கம்போல் யாரும் கேள்வி கேட்காமல் நிறைவேறி, வடையும் காப்பியும் வரப்போகிற நேரத்தில் இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு யோசனை சொன்னார். அச்சுச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. மும்பையில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வருகிறது, படிக்க வரவில்லை. ஆகவே அச்சு இதழை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை ‘ஒலி இதழ்’ ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்பது அவர் யோசனை. நல்ல பிள்ளை. சங்கத்துக்காக ஓடியாடி உழைப்பவர். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், “கண் தெரியாதவங்களுக்கும் உபயோகமா இருக்கும்” என்று சேர்த்துச் சொல்ல, அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன்.

கைதட்டல் அடங்கும்போது முன்வரிசையில் ஒரு வெள்ளைத் தடி எழுந்தது. நம் சங்கத்துக் குழந்தைகள் எல்லோரும் ‘டெலிபோன் மாமா’ என்று அழைக்கும் நண்பர். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, மும்பைக்கு வந்து, ஒரு வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார்.

“ரொம்ப சந்தோஷம். எனக்கு உபயோகமா இருக்கும்னு ஒருத்தர் சொன்னார். எனக்காகன்னா வேண்டாம். எனக்கு எழுத்தைக் கொடுங்க. ஒலியை நானே பண்ணிக்கறேன்.”

அரங்கத்தில் யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தலைவர், “செயற்குழுவில் பேசிக்கொள்வோம்” என்றார். வடை வந்துவிட்டது.

எனக்கு மட்டும் அந்த வாக்கியம் வடையோடு உள்ளே போகவில்லை. கண் தெரியாதவருக்கு எழுத்து எதற்கு? கூட்டம் முடிந்து மாட்டுங்கா ஸ்டேஷன் வரை அவரோடு நடந்தபோது அதையே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். “ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க சார், காட்டறேன்” என்றார்.

அன்றிரவு இன்னொன்றும் நடந்தது. டோம்பிவிலியில் இருக்கும் என் அக்காவைப் பார்க்கப் போனேன். 1972-இல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். பத்தாண்டுகளாகக் காது சிறிது சிறிதாக மங்கி, இப்போது ஏறக்குறைய ஒன்றும் கேட்பதில்லை. வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது அவளும் சிரிப்பாள், எதற்கென்று தெரியாது. நம் இதழை அட்டையிலிருந்து கடைசிப் பக்கத்து உறுப்பினர் செய்திகள் வரை எழுத்துக்கூட விடாமல் வாசிக்கும் வாசகி இந்தச் சங்கத்தில் ஒருத்தி உண்டென்றால் அது அவள்தான். கூட்டத்தில் என்ன முடிவானது என்று கேட்டாள். ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தாள். “சரிடா தம்பி, இனிமே அது நமக்கு இல்லேன்னு சொல்லு” என்றாள்.

நான் கை தட்டியது யாருக்கு எதிராக என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிறு நண்பர் வீட்டுக்குப் போனேன். அலமாரியைத் திறந்து, பழைய ஒலிநாடாக்களைக் காட்டினார். ‘பேசும் புத்தகம்’ என்பது இன்றைக்கு வந்த புதுமை அல்ல. பிரிட்டனில் 1935-லேயே இசைத்தட்டுகளில் வந்துவிட்டது. முதல் உலகப்போரில் பார்வை இழந்த வீரர்களில் பலருக்கு, வளர்ந்த பிறகு விரல்நுனியால் பிரெய்ல் படிக்கப் பழகுவது கடினமாக இருந்தது. அவர்களை மனத்தில் வைத்துத் தொடங்கிய முயற்சி அது. இசைத்தட்டு ஒலிநாடாவாகி, ஒலிநாடா குறுந்தகடாகி, இன்று கைபேசிக்குள் வந்திருக்கிறது. 1952-இல் இதே மும்பையில் தோன்றிய தேசியப் பார்வையற்றோர் சங்கம் இத்தகைய பேசும் புத்தகங்களை நாடெங்கும் கொண்டு சேர்த்தது. நண்பரும் அவற்றைக் கேட்டு வளர்ந்தவர். அந்த நன்றி அவருக்கு இருக்கிறது.

“ஆனா பாருங்க சார், ஒரு நாவல்னா ஒரு டஜன் கேஸட். நடுவிலே ஒரு பேர் மறந்துபோச்சுன்னா திரும்பவும் சுத்தணும். எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்? நீங்க புரட்டறீங்க. நாங்க சுத்தறோம்.”

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. பிரெய்லில் படித்துக்கொண்டிருந்தவரை அவருக்குத் தமிழில் எழுத்துப் பிழை வராதாம். வேலைக்கு வந்து, பிரெய்ல் புத்தகங்கள் கிடைக்காமல், பல ஆண்டுகள் ஒலிநாடா ஒன்றே துணை என்றானபின், ஊருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் சந்தேகம் வந்துவிடுமாம். கரையா, கறையா? அரமா, அறமா? பள்ளியா, பல்லியா? நம்மில் பலர் பேசும்போது இவற்றை ஒன்றுபோலத்தானே ஒலிக்கிறோம்? காதில் விழுவது ஒலி. எழுத்து காதில் விழுவதில்லை. கேட்டுக்கொண்டே இருப்பவர் அறிவாளி ஆகலாம், ஆனால் எழுத்தறிவை மெல்ல மெல்ல இழக்கலாம். வள்ளுவர் கல்வியை ஓர் அதிகாரமாகவும் கேள்வியை வேறோர் அதிகாரமாகவும் வைத்ததை நினைத்துக்கொண்டேன். கற்காதவனும் கேட்கட்டும் என்றுதான் அவர் சொன்னார். கேள்வி இருக்கிறதே, கல்வி எதற்கு என்று அவர் சொல்லவில்லை.

பிரெய்லும் எழுத்துதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஆறு புள்ளிகள், அவற்றின் சேர்க்கையில் எல்லா எழுத்துகளும். 1951 முதல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் முறை இருக்கிறது. தமிழும் அதில் உண்டு. அதை விரலால் தடவிப் படிப்பவர் வாசகர்தான். வெறுமனே கேட்பவர் அல்லர்.

சரி, இன்று அவர் எப்படி வாசிக்கிறார்? கைபேசியையும் கணினியையும் காட்டினார். திரையில் இருக்கும் எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் இருக்கிறது. அவர் கணினியில் இருப்பது என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் இருவர் முன்னின்று உருவாக்கியது; 2006-இல் தொடங்கியது; இலவசம். தமிழும் வாசிக்கிறது. அவர் வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவருக்கு எல்லாம் புரிகிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவுகிறார். ஒரு பெயர் புரியாவிட்டால் எழுத்தெழுத்தாகச் சொல்ல வைக்கிறார். முன்பு எங்கோ படித்ததைச் சொல் கொடுத்துத் தேடி எடுக்கிறார். தேவையானால் அதே எழுத்தைப் பிரெய்லாகவும் மாற்றிக்கொள்ளலாம். புள்ளிகள் மேலெழுந்து தாழும் பிரெய்ல் பட்டைகளைக் கணினியோடு இணைத்தால், தாளே இல்லாமல் விரலால் படிக்க முடியும்.

“இப்ப புரியுதா சார்? எழுத்து இருந்தா அதைக் குரலாக்கலாம், பிரெய்லாக்கலாம், பெரிசு பண்ணலாம். குரலை மட்டும் கொடுத்தா அது குரல்தான்.”

எனக்கு எங்கள் ஊர்க் களஞ்சியம் ஞாபகத்துக்கு வந்தது. வீட்டில் நெல் இருந்தால் சோறாக்கலாம், அவலாக்கலாம், பொரியாக்கலாம், விதைக்கவும் செய்யலாம். சோறாக ஆக்கிவிட்ட பிறகு அதை நெல்லாக்க முடியாது. எழுத்து நெல். ஒலி சோறு. சோறு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நெல்லை விற்றுவிட்டுச் சோற்றை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் டெலிபோன் மாமா சொன்னது.

“அப்படியானால் நம் இதழைத்தான் பிடிஎஃப் ஆகவும் அனுப்புகிறோமே, அதை வாசித்துக்கொள்ளலாமே” என்றேன். அவர் பேசாமல் நம் சென்ற இதழைத் திறந்து, ஒரு பக்கத்தை வாசிக்க விட்டார். அந்தக் குரல் ஆங்கில எழுத்துகளையும் நிறுத்தக்குறிகளையும் ஏதோ சாபம் கொடுப்பதுபோல் உச்சரித்துக்கொண்டே போனது.

காரணத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நம் இதழ் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கோக்கப்படுகிறது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்டவை. நம் கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது, கணினியின் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கிறது. வேடத்தைப் பார்க்க முடியாதவருக்கு அம்மா அங்கே இல்லை. தமிழுக்கான பொதுக் குறியீடு யூனிகோடில் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. தமிழக அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நாம் மட்டும் பழக்கத்தை விடவில்லை. யூனிகோடில் தட்டெழுதினால் கணினிக்குள்ளும் அம்மா அம்மாவாகவே இருப்பாள்; எந்த மென்பொருளும் அவளை அம்மா என்றே அழைக்கும்.

பழைய இதழ்களின் கதை இன்னும் மோசம். அவற்றை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அது பக்கத்தின் புகைப்படம். புகைப்படத்தில் எழுத்து தெரியும், எழுத்து இருக்காது. அவருடைய கைபேசி அதைப் ‘படம்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறது.

இனி என் அக்கா பக்கத்துக்கு வருகிறேன். காது கேளாமை என்றால் எல்லோரும் நினைப்பது, சத்தம் குறைந்துவிட்டது, ஆகவே சத்தத்தைக் கூட்டினால் போதும் என்று. முதுமையில் வரும் செவிக்குறை அப்படிப்பட்டதல்ல. அது பெரும்பாலும் கீச்சென்ற உயர் சுருதி ஒலிகளைத்தான் முதலில் தின்கிறது. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் இருக்கின்றன. சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பல உயர்ந்த சுருதியில். எனவே பேசுகிறார்கள் என்பது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது கேட்காது. அக்கா சொல்வாள்: “சத்தம் வருது, சொல் வரலே.” காதுக்கருவி உதவுகிறது. ஆனால் நம் அரங்கின் எதிரொலியும் ஒலிபெருக்கியின் இரைச்சலும் சேர்ந்தால் அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கித் தருகிறது. பாந்த்ராவில் 1983 முதல் செவிக்குறை உள்ளோருக்கென்று அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கும் ஊர் இது. அங்கே கருவி பொருத்தி அனுப்பலாம். நம் சங்கக் கூட்டத்துக்கு வந்து அவர்கள் எழுதிக் காட்ட முடியுமா? அது நம் வேலை.

சங்க அறிவிப்புகள் எப்படி வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். விழா என்றால் பளபளவென்று ஒரு போஸ்டர், படமாக. அதில் நாள், நேரம், இடம் எல்லாம் இருக்கும். டெலிபோன் மாமாவின் கைபேசி ‘படம்’ என்று மட்டும் சொல்லும். அவசரச் செய்தி என்றால் மூன்று நிமிடக் குரல் பதிவு. என் அக்காவின் கைபேசியில் அது ஓடி முடியும், அவளுக்கு ஒன்றும் தெரியாது. போஸ்டர் ஒருவரை வெளியே நிறுத்துகிறது. குரல் மற்றவரை வெளியே நிறுத்துகிறது. தட்டெழுதிய நான்கு வரி இருந்தால் இருவரும் உள்ளே வந்துவிடுவார்கள். எல்லாவற்றையும்விடச் சிக்கனமானதும் அந்த நான்கு வரிதான்.

கண்ணும் தெரியாமல் காதும் கேளாமல் இருப்பவர்களை நினைத்தால் இது இன்னும் தெளிவாகும். 1955-இல் இந்தியாவுக்கு வந்துபோன ஹெலன் கெல்லர் அம்மையாரை நம் மூத்தவர்கள் அறிவார்கள். அவருக்கு உலகத்துப் பேசும் புத்தகங்கள் அனைத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தாலும் என்ன பயன்? விரல்நுனியில் வந்த எழுத்துதான் அவருக்கு நூலகம்.

ஒலியின் பக்கமும் நியாயம் பேசவேண்டும். இல்லாவிட்டால் அந்த இளைஞருக்கு நான் அநீதி செய்தவன் ஆவேன். எழுத்தே கற்காத பாட்டிமார் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள்; அவர்களுக்கு ஒலிதான் இதழ். நடுக்கத்தால் புத்தகத்தைப் பிடிக்க முடியாதவர்கள், பக்கத்தைப் புரட்ட முடியாதவர்கள் இருக்கிறார்கள். எழுத்தைப் படிக்கச் சிரமப்படும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். அது சோம்பேறித்தனம் அல்ல, 2016-ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாடு என்று ஏற்றுக்கொண்ட ஒன்று. வயது ஏறியபின் பார்வை இழந்தவர்களில் பலருக்குக் கணினி பழகுவது எளிதல்ல. ஒரு பொத்தானை அமுக்கினால் பேசவேண்டும் அவர்களுக்கு. பேச மட்டுமே தெரிந்த நம் பிள்ளைகளோ வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். மேலும், இயந்திரக் குரல் எவ்வளவு முன்னேறினாலும், நம்மில் ஒருவர் உணர்ந்து வாசிக்கும் கதைக்கு ஒரு ருசி இருக்கிறது. டெலிபோன் மாமாவே அதை மறுக்கவில்லை. “நல்ல குரல்லே படிச்சா நானும் கேப்பேன் சார். ஆனா கேட்டபிறகு தேடறதுக்கு எழுத்து வேணும்” என்றார்.

எழுத்தும் எல்லோரையும் சென்றடைந்துவிடாது. பிறவியிலேயே காது கேளாதவர்களில் பலருக்குச் சைகை மொழிதான் தாய்மொழி. ஒலி வழியே ஒரு மொழி உள்ளே போகாமல், எழுத்துத் தமிழ் அவர்களுக்கு இரண்டாம் மொழிபோலத்தான் வருகிறது. அவர்களுக்காக மேடையில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நிற்கும் நாள் நம் சங்கத்தில் வரவேண்டும். அதுவரை எளிய நடையில் எழுதுவதாவது நம்மால் ஆகும்.

ஆகவே எழுத்தா, ஒலியா என்று பட்டிமன்றம் வைக்கத் தேவையில்லை. கேள்வி வரிசையைப் பற்றியது. முதலில் எழுத்து, அதிலிருந்து ஒலி. டெய்சி என்ற உலகத் தரம் ஒன்று உண்டு. அதற்கான கூட்டமைப்பு 1996-இல் அமைந்தது. அதில் எழுத்தும் குரலும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும். குரல் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரிக்கு எழுத்தும் வரும். நாம் தினமும் ஏறி இறங்கும் மும்பை லோக்கலையே பாருங்கள். பல பெட்டிகளில் அடுத்த ஸ்டேஷனின் பெயர் குரலிலும் வருகிறது, பலகையில் எழுத்தாகவும் ஓடுகிறது. மாற்றுத்திறனாளிகள் பெட்டி நிற்கும் இடத்தில் பிளாட்பாரத்தில் ‘பீப், பீப்’ என்று ஒலிப்பது பார்வையற்றவருக்கு. மேலே தொங்கும் பலகை மற்றவருக்கு. கூட்டத்தில் மூச்சு விடமுடியாத ரயிலில் முடிகிற காரியம், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இதழ் நடத்தும் நமக்கு முடியாதா?

சில ஆட்சேபங்கள் வரும். அவற்றை நானே சொல்லிவிடுகிறேன்.

“ஒருவர் இருவருக்காக எல்லாவற்றையும் மாற்றவேண்டுமா?” 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் ஏறத்தாழ 50 லட்சம். செவிக் குறைபாடு உள்ளவர்களும் ஏறத்தாழ 50 லட்சம். கண் தெரியாதவருக்கு நன்மை செய்கிறோம் என்று எழுத்தை நிறுத்தினால், அதே அளவு தொகையினரை மறுபுறம் தள்ளிவிடுகிறோம். இந்த எண்களைக்கூட விடுங்கள். நம் விழாவில் பொன்னாடை வாங்க மேடையேறுபவர்களைப் பாருங்கள். கைப்பிடி தேடாமல் ஏறுபவர் எத்தனை பேர்? பெயரை இரண்டுமுறை அழைக்காமல் எழுந்து வருபவர் எத்தனை பேர்? இன்று டெலிபோன் மாமாவுக்கும் என் அக்காவுக்கும் செய்வது, பத்தாண்டு கழித்து நமக்கே செய்துகொள்வது.

“ஒலியைப் பேசினால் இயந்திரமே எழுத்தாக்கிவிடுமே?” ஆக்குகிறது, தமிழிலும் ஆக்குகிறது, அக்கா அதைப் பயன்படுத்துகிறாள். அமைதியான அறையில் ஒருவர் நிறுத்திப் பேசினால் நன்றாகவே வருகிறது. மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் கலந்த நம் மும்பைத் தமிழை, பின்னணியில் பிரஷர் குக்கர் விசிலோடு கொடுத்துப் பாருங்கள். ஒருமுறை விழா நடக்கும் இடம் ‘முலுண்ட்’ என்று செயலாளர் சொன்னது அவள் கைபேசியில் ‘முள்ளுண்டு’ என்று வந்தது. பாயசம் உண்டா என்று கேட்டாள். சிரித்தோம். ஆனால் மருந்தின் பெயரோ மருத்துவ முகாமின் தேதியோ அப்படி வந்திருந்தால் சிரித்திருக்க மாட்டோம். யாரேனும் ஒருவர் படித்துத் திருத்தாத எழுத்தை நம்பக்கூடாது.

“செலவு ஆகுமே?” அச்சுச் செலவைப் பற்றிய இளைஞரின் கவலையை மதிக்கிறேன். அச்சடிக்கும் படிகளைக் குறைக்கலாம். வேண்டும் என்று கேட்கும் முதியவர்களுக்கு மட்டும் அச்சடிக்கலாம். எழுத்தைக் காகிதத்திலிருந்து இறக்குவது வேறு, எழுத்தையே இறக்கிவிடுவது வேறு. யூனிகோடுக்கு மாறக் காசு கேட்பதில்லை. தட்டெழுதுபவர் சில வாரம் பழகவேண்டும், அவ்வளவுதான்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் உள்ளவை எல்லாம் அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, புத்தகங்களை இவர்கள் படிக்கத்தக்க வடிவில் மாற்றுவதற்கு இருந்த தடை நீங்கியது. அதே நோக்கத்தோடு 2013-இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, அது 2014-இல். 2016-இல் ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகமும் தொடங்கப்பட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்சநீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றே சொல்லிவிட்டது. சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நாம்தான் நம் எழுத்தைப் படமாகவும் பழைய எழுத்துருவாகவும் உள்ளே பூட்டி வைத்திருக்கிறோம். எந்த நீதிமன்றமும் நம் சங்கத்தின் வாசலுக்கு வரப்போவதில்லை. அதனாலேயே நாமாகச் செய்யவேண்டும்.

செயற்குழுவின் பார்வைக்குச் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: அடுத்த இதழிலிருந்து எல்லாமே யூனிகோடில் தட்டெழுதப்படட்டும். அழகான பக்க அமைப்போடு பிடிஎஃப் ஒன்று போகட்டும். கூடவே, படமோ கட்டமோ இல்லாத, தலைப்புகள் தெளிவாகக் குறித்த எழுத்துக்கோப்பு ஒன்றும் போகட்டும். படம் இருந்தால் அதில் என்ன இருக்கிறதென்று கீழே ஒரு வரி.

இரண்டு: போஸ்டர் அனுப்பினால் அதிலுள்ள செய்தியை எழுத்திலும் அனுப்புவது. குரல் பதிவு அனுப்பினால் அதன் சாரத்தை இரண்டு வரியில் எழுதுவது.

மூன்று: ஒலி இதழ் கட்டாயம் வரட்டும். ஆனால் அச்சான அதே எழுத்தை வாசிப்பதாக இருக்கட்டும். பொறுப்பை நம் இளைஞரே ஏற்கவேண்டும். வாசிப்பவர்களாக நம் பிள்ளைகளை அழைக்கலாம். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளை, கையில் எழுத்தை வைத்துக்கொண்டு காதில் குரலைக் கேட்டால், ஒரு வருடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிடும். அச்சு இதழை நிறுத்தினால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

நான்கு: விழாக் காணொளிகளில் பேச்சுக்கு எழுத்தும் ஓடட்டும். வரவேற்புரை முதல் நன்றியுரை வரை முன்கூட்டியே எழுதித்தானே கொண்டு வருகிறோம்? அந்தத் தாளைக் கைபேசியில் படம் பிடிக்காமல், தட்டெழுதி அனுப்பினால் போதும்.

ஐந்து: பழைய இதழ்களைத் தட்டெழுத ஒரு தொண்டர் குழு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் சங்க இலக்கியம் முதல் பிற்கால நூல்கள் வரை சம்பளம் வாங்காமல் தட்டெழுதிக் கொடுத்தார்கள். நம் இதழ்களின் பக்கங்களைக் குடும்பத்துக்குப் பத்தாகப் பிரித்துக்கொண்டால் அடுத்த பொங்கலுக்குள் முடித்துவிடலாம். என் பங்குக்கு இருபது பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரையை நான் யூனிகோடில்தான் தட்டெழுதினேன். ஆசிரியருக்கு அனுப்புமுன் இருவருக்கு அனுப்பினேன். டெலிபோன் மாமா கேட்டுவிட்டு, ஓரிடத்தில் ‘கரை’ வரவேண்டிய இடத்தில் ‘கறை’ போட்டிருந்தேன் என்று திருத்தினார். அக்கா படித்துவிட்டு, “பாயசம் கதையை எதுக்குடா எல்லாருக்கும் சொல்றே” என்று பதில் எழுதினாள். ஒரே எழுத்து, ஒருவர் காதால் படித்தார், ஒருவர் கண்ணால் கேட்டார்.

செயற்குழு அடுத்த மாதம் கூடுகிறது. அன்பர்கள் தங்கள் கருத்தை ஆசிரியருக்கு எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குரல் பதிவு அனுப்புவோர் தயவுசெய்து இரண்டு வரி எழுதியும் அனுப்புங்கள். அக்கா படிக்கக் காத்திருப்பாள்.